சாய்பலகையில் கண்ட பேருண்மை

பத்தாம் வகுப்பு மாணவி

மாமரத்திலிருந்து ஒரு பிஞ்சு உதிர்கிறது. நாம் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொள்கிறோம். அது கிளையை விட்டபோது எவ்வளவு வேகத்தில் வந்தது, மண்ணைத் தொட்டபோது எவ்வளவு வேகத்தில் வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தின்பதற்குக் கிடைத்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் இதே கேள்வியை ஒரு மனிதர் தம் வாழ்நாளெல்லாம் நெஞ்சில் சுமந்தார். அவர்தாம் இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ கலிலி.

அவருடைய வரலாற்றை நாங்கள் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் மறைப்பது நன்றன்று. இயக்கம் பற்றிய பாடம் நடந்தபோது, ஒரு சாய்ந்த பலகையில் கோலிக்குண்டை உருட்டி, அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து அட்டவணை எழுதும்படி எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி பணித்தார். நாங்கள் நால்வர் ஒரு குழு. இரண்டு முறை உருட்டினோம். அளவுகள் சூத்திரத்தோடு ஒத்துவரவில்லை. மணியடிக்கும் நேரமும் நெருங்கிவிட்டது. எனவே விடையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற அளவுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதிக் கொடுத்துவிட்டோம். எங்கள் அட்டவணையில் ஒரு சிறு பிழைகூட இல்லை. அப்படிப் பிழையே இல்லாமற் போனதுதான் எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது! சகோதரி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு மனிதரின் வரலாற்றைப் படித்துவிட்டு, பிறகு அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். படித்தோம், செய்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

இளமையும் கல்வியும்

இத்தாலியின் பீசா நகரில் 1564ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் கலிலியோ பிறந்தார். தந்தையார் வின்சென்சோ கலிலி, தாயார் ஜூலியா. பிள்ளைகளுள் இவரே மூத்தவர். தந்தையார் யாழ் போன்ற லூட் என்னும் நரம்புக் கருவியை இசைப்பதில் வல்லவர். அவர் வெறும் இசைக்கலைஞர் மட்டும் அல்லர். நரம்பை இழுத்துக் கட்டும் விசைக்கும் அதில் எழும் சுருதிக்கும் என்ன தொடர்பு என்று தாமே சோதித்துப் பார்த்தவர். முன்னோர் எழுதி வைத்தார்கள் என்பதற்காக எதையும் ஏற்காமல் காதால் கேட்டு உறுதி செய்யும் அந்தக் குணம், தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்தாக வந்தது என்று சொல்லலாம்.

சிறுவன் கலிலியோ வல்லம்புரோசா என்னும் மலையிலிருந்த துறவு மடத்தில் கல்வி பயின்றார். அங்கே துறவியர் வாழ்க்கையால் ஈர்க்கப்பட்டுத் தாமும் அந்தச் சபையில் சேர விரும்பினார். தந்தையார் இணங்காமல் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். மகன் மருத்துவராகிக் குடும்பத்தைக் காக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆகவே 1581இல் பீசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்த்தார். ஆனால் மகனுடைய மனமோ கணிதத்தில் ஒன்றிவிட்டது. ஒஸ்தீலியோ ரிச்சி என்னும் கணித ஆசிரியரிடம் யூக்ளிடின் வடிவியலைக் கற்ற பிறகு அவருக்கு மருத்துவ நூல்கள் கசந்தன. 1585இல் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். பட்டம் வாங்காத அம்மாணவரே நான்கு ஆண்டுகள் கழித்து, 1589இல், அதே பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார்!

ஆண்டுச் சம்பளம் 60 ஸ்கூடி. அது மிகக் குறைவு. 1591இல் தந்தையார் காலமானார். தாயையும் உடன்பிறந்தாரையும் காக்கும் பொறுப்பு மூத்த மகன் தலையில் விழுந்தது. தங்கையருக்குப் பேசிய வரதட்சணையையும் அவரே கட்ட வேண்டியதாயிற்று. நம் வீடுகளில் கேட்கும் பெருமூச்சு அக்காலத்து இத்தாலியிலும் கேட்டிருக்கிறது! 1592இல் அவர் பதுவா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே 18 ஆண்டுகள் பணியாற்றினார். சம்பளம் போதாமல் மாணவர்களைத் தம் வீட்டில் தங்க வைத்துப் பாடம் சொன்னார். கணக்கிட உதவும் கருவிகளைச் செய்து விற்றார். இத்தனை கடன் தொல்லைக்கு நடுவில்தான் அந்தப் பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது.

விழும் பொருளின் மருமம்

கனமான பொருள் வேகமாகவும் இலேசான பொருள் மெதுவாகவும் விழும் என்பது கிரேக்க மேதை அரிஸ்டாட்டிலின் கருத்து. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அதுவே பெரும்பாலான பள்ளிகளில் கற்பிக்கப்பட்டு வந்தது. பீசாவின் சாய்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து கலிலியோ இரண்டு குண்டுகளைப் போட்டுக் காட்டினார் என்னும் கதையை நாம் எல்லாரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். அதை எழுதியவர் அவருடைய இறுதிக் காலத்துச் சீடரான விவியானி. அது அப்படியே நடந்ததா என்பதை ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறுகின்றனர். கோபுரம் இருக்கட்டும். அவர் உண்மையாகச் செய்து, தம் கையாலேயே எழுதி வைத்த சோதனை அதைவிட அழகானது.

விழும் பொருள் வரவர வேகம் கூடி விழுகிறது என்பது எல்லார்க்கும் தெரியும். ஆனால் அந்த வேகம் எந்த ஒழுங்கில் கூடுகிறது? இதை அளக்க வேண்டுமானால் நல்ல கடிகாரம் வேண்டும். அக்காலத்தில் வினாடியைக் காட்டும் நம்பத்தக்க கடிகாரம் இல்லை. ஊசல் கடிகாரம் வந்ததே 1656இல்தான். ஒரு கல் நான்கு மாடி உயரத்திலிருந்து விழ இரண்டு வினாடிக்குச் சற்று முன்பின் ஆகும். கண் இமைத்துத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதை எப்படி அளப்பது?

கலிலியோ ஒரு வழி கண்டார். நேராக விழுவதற்குப் பதிலாகச் சரிவில் உருளவிட்டால் அதே இயக்கம் மெதுவாக நடக்கும் அல்லவா? பன்னிரண்டு முழ நீளமும், அரை முழ அகலமும், மூன்று விரற்கடைக் கனமும் உள்ள ஒரு மரப்பலகையை எடுத்தார். அதில் ஒரு விரலைவிடச் சற்று அகலமான நேரான பள்ளம் வெட்டினார். அதை வழுவழுப்பாக இழைத்து, உள்ளே மெருகேற்றிய தோல்தாளை ஒட்டினார். பலகையின் ஒரு முனையைச் சற்று உயர்த்தி வைத்து, நன்கு உருண்டையான வெண்கலக் குண்டை அதில் உருட்டினார்.

நேரத்தை அளக்க அவர் செய்ததை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஒரு பெரிய பாத்திரத்தில் நீரை நிரப்பி அதன் அடியில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தினார். குண்டு உருளத் தொடங்கியதும் நீரைத் திறந்து ஒரு கிண்ணத்தில் பிடித்தார். குண்டு முனையைத் தொட்டதும் நீரை நிறுத்தினார். பிறகு அந்த நீரைத் துல்லியமான தராசில் நிறுத்தார். நீரின் எடையே நேரத்தின் அளவு! இப்படி முழுப் பலகைக்கும், கால் பங்குக்கும், பாதிக்கும், வேறு பல தூரங்களுக்கும், சரிவை மாற்றி மாற்றி, முழுமையாக நூறு முறை செய்து பார்த்ததாக எழுதுகிறார். இரண்டே முறை உருட்டிவிட்டுச் சலித்துப்போன நாங்கள் இந்த இடத்தைப் படித்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் கண்டது என்ன? பலகையின் கால் பங்கைக் கடக்க ஆகும் நேரம், முழுப் பலகையையும் கடக்க ஆகும் நேரத்தில் சரிபாதி. அதாவது நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. நேரம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு. தூரம் நேரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்கிறது.

முடுக்கம் என்பது என்ன?

இதை நம் பாட முறையில் சொல்வோம். வேகத்தையும் திசையையும் சேர்த்துச் சொல்வது திசைவேகம். திசைவேகம் மாறினால் அங்கே முடுக்கம் இருக்கிறது. இறுதித் திசைவேகத்திலிருந்து தொடக்கத் திசைவேகத்தைக் கழித்து, அந்த மாற்றத்திற்கு ஆன நேரத்தால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். நிறுத்தத்தில் நின்ற பேருந்து புறப்பட்டு 20 வினாடியில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். பத்திலிருந்து சுழியைக் கழித்து இருபதால் வகுத்தால் 0.5. அதாவது ஒவ்வொரு வினாடியும் அதன் திசைவேகம் வினாடிக்கு அரை மீட்டர் வீதம் கூடுகிறது. அதே பேருந்து எதிரே மாடு வந்ததால் 5 வினாடியில் நின்றுவிட்டால், சுழியிலிருந்து பத்தைக் கழித்து ஐந்தால் வகுக்க வேண்டும். விடை கழித்தல் 2. இது எதிர்முடுக்கம். பேருந்தில் நிற்கும் நாம் முன்னால் போய் விழப் பார்ப்பது இதனால்தான்!

தடையின்றி விழும் பொருளின் முடுக்கம் ஏறத்தாழ 9.8. ஓய்விலிருந்து விழத் தொடங்கிய கல், முதல் வினாடியின் முடிவில் வினாடிக்கு 9.8 மீட்டர் வேகத்தையும், இரண்டாம் வினாடியின் முடிவில் 19.6, மூன்றாம் வினாடியின் முடிவில் 29.4 என்ற வேகத்தையும் அடையும். முதல் வினாடியில் அதன் சராசரி வேகம் சுழிக்கும் 9.8க்கும் நடுவே உள்ள 4.9, எனவே விழும் தூரம் 4.9 மீட்டர். இரண்டாம் வினாடியில் 14.7 மீட்டர். மூன்றாம் வினாடியில் 24.5 மீட்டர். இவற்றை 4.9ஆல் வகுத்துப் பாருங்கள்: 1, 3, 5! அடுத்தது 7. ஒற்றைப்படை எண்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. விழுகின்ற கல்லுக்குள் இப்படி ஓர் எண்வரிசை ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் கண்டபோது கலிலியோவின் உள்ளம் எப்படித் துள்ளியிருக்கும்! மீட்டரும் நம் சூத்திரமும் அவரிடம் இல்லை. விகிதங்களையும் கோடுகளையும் கொண்டே இதைக் கண்டார்.

அவர் செய்த தவறு

இனிச் சொல்லப் போவதுதான் எங்களை மிகவும் தொட்ட செய்தி. 1604இல் கலிலியோ வெனிஸ் நகரிலிருந்த பாவுலோ சார்ப்பி என்னும் துறவி நண்பருக்குக் கடிதம் எழுதினார். தூரங்களைப் பற்றிய விதியை அதில் சரியாகவே குறிப்பிட்டார். ஆனால் அதற்குக் காரணம் காட்டும்போது தவறிவிட்டார். பொருள் எவ்வளவு தூரம் விழுந்ததோ அவ்வளவுக்கு ஏற்ப அதன் வேகம் கூடுகிறது என்று எண்ணினார். கேட்பதற்குச் சரிபோலத்தான் தோன்றுகிறது. ஆனால் சிந்தித்துப் பாருங்கள். புறப்படும் இடத்தில் கடந்த தூரம் சுழி. அப்படியானால் வேகமும் சுழி. வேகமே இல்லாத பொருள் முதல் அடியை எப்படிக் கடக்கும்? அடி எடுத்து வைத்தால்தான் வேகம். வேகம் இருந்தால்தான் அடி எடுத்து வைக்கலாம். கல் என்றென்றும் அந்தரத்திலேயே நிற்க வேண்டியதுதான்! காலம் அப்படியல்ல. நாம் நின்றாலும் அது தானே நகரும். ஆகவே வேகம் கூடுவது தூரத்திற்கு ஏற்ப அல்ல, காலத்திற்கு ஏற்ப என்று பின்னாளில் அவர் உணர்ந்து தம்மைத் திருத்திக்கொண்டார். சமமான கால அளவுகளில் சமமான வேகம் கூடுவதே சீரான முடுக்கம் என்று வரையறுத்தார்.

அவர் தம் தவறை யாருக்கும் தெரியாமல் அழித்திருக்கலாம். அக்கடிதம் நண்பர் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய பெருநூலில், உரையாடலில் வரும் ஒருவர் அதே பழைய கருத்தைச் சொல்வதாகவும், நூலாசிரியரும் ஒரு காலத்தில் அந்தப் பிழையில் இருந்தவர்தாம் என்று இன்னொருவர் கூறுவதாகவும் எழுதி வைத்தார். தம் பிழையைத் தம் நூலிலேயே அச்சேற்றிய பெருந்தன்மையை என்னென்பது! பொய்யான அட்டவணை எழுதிய எங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி போல் இருந்தது.

வானமும் வழக்கும்

1609இல் கலிலியோ தொலைநோக்கியைத் தாமே செய்து மேம்படுத்தி வானத்தை நோக்கித் திருப்பினார். நிலவில் மலைகளைக் கண்டார். 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். அவருடைய புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது. அவ்வாண்டே புளோரன்ஸ் அரசவைக்கு அழைக்கப்பட்டார். பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று 1543இல் கோப்பர்னிக்கஸ் எழுதியது உண்மை என்னும் உறுதி அவருக்குள் வலுத்தது.

இங்கேதான் துன்பம் தொடங்கிற்று. திருநூலின் சில வசனங்களுக்கு இக்கருத்து முரணானது என்று அன்றைய இறையியலார் கருதினர். 1616இல் கோப்பர்னிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை தடை செய்யப்பட்டது. பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் பெல்லார்மின் கலிலியோவை அழைத்து, இக்கருத்தை உண்மையெனக் கொள்ளலாகாது என்று எச்சரித்தார். 1623இல் கலிலியோவின் நண்பரான கர்தினால் பார்பெரினி, எட்டாம் உர்பான் என்னும் பெயரில் திருத்தந்தையானார். இனி அச்சமில்லை என்று எண்ணிய கலிலியோ, இரு உலக அமைப்புகளைப் பற்றிய உரையாடல் நூலை 1632இல் வெளியிட்டார். அதில் திருத்தந்தைக்கு உகந்த வாதம் சிம்பிளிச்சியோ என்னும் பேதைப் பாத்திரத்தின் வாயில் வைக்கப்பட்டிருந்தது. நட்பு பகையாயிற்று. நூல் தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ 69 வயதான முதியவர், கொள்ளைநோய் பரவியிருந்த நாளில், உரோமைக்குப் பயணமானார்.

1633 ஜூன் 22ஆம் நாள் அவர் முழந்தாளிட்டுத் தம் கருத்தைக் கைவிடுவதாக உறுதிமொழி கூறினார். நீதிபதிகளாயிருந்த பத்துக் கர்தினால்களுள் எழுவரே தீர்ப்பில் கையொப்பமிட்டனர். சிறைத்தண்டனை வீட்டுக்காவலாக மாற்றப்பட்டது. மூன்றாண்டுக் காலம் வாரந்தோறும் ஏழு தவச் சங்கீதங்களைச் செபிக்கும்படியும் கட்டளையாயிற்று.

நடுநிலையோடு ஒன்றையும் சொல்ல வேண்டும். பூமி சுழல்கிறது என்பதற்குக் கடலின் ஏற்றவற்றத்தைச் சான்றாகக் காட்டினார் கலிலியோ. அச்சான்று சரியானதல்ல. பூமி இடம் பெயர்வதால் விண்மீன்களின் தோற்றத்தில் ஏற்படும் சிறு இடமாற்றத்தைப் பெசல் என்னும் வானியலார் அளந்து அறிவித்தது 1838இல்தான். ஆயினும் ஓர் ஆராய்ச்சிக் கருத்தைத் தண்டனையால் தீர்க்க முயன்றது பிழை என்பதை இன்று திருச்சபையே மறைக்கவில்லை.

மடத்திலிருந்த மகள்

கலிலியோவுக்கு இரண்டு பெண்மக்களும் ஒரு மகனும் இருந்தனர். மக்களின் தாயை அவர் முறைப்படி மணக்கவில்லை. அதனால் பெண்களுக்குத் தக்க இடத்தில் திருமணம் நடப்பது அரிதென்று கருதி, 1613இல் அவர்களைப் புளோரன்சுக்கு அருகே ஆர்செத்ரி என்னும் ஊரிலிருந்த புனித மத்தேயு கன்னியர் மடத்தில் சேர்த்தார். அவர்கள் நம்மைவிடச் சிறியவர்கள். அவர்களுடைய விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இதை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

ஆனால் மூத்தவளான விர்ஜீனியா தனக்கு வாய்த்த வாழ்வைப் பொன்னாக்கிக்கொண்டாள். 1616இல் துறவு உடை பெற்று அருட்சகோதரி மரிய செலஸ்தே ஆனாள். செலஸ்தே என்றால் விண்ணுக்குரியவள் என்று பொருள். விண்ணை ஆராய்ந்த தந்தைக்கு ஏற்ற மகள்! அது புனித கிளாராவின் ஒழுங்கைப் பின்பற்றிய மிக ஏழ்மையான மடம். அங்கே அவர் மருந்து தயாரித்தார். நோயாளிகளைக் கவனித்தார். தந்தையின் சட்டைக் கழுத்துப்பட்டிகளை வெளுத்துத் தைத்து அனுப்பினார். பழங்களைச் சர்க்கரைப் பாகில் இட்டுப் பதப்படுத்தி அனுப்பினார். அவர் தந்தைக்கு எழுதிய கடிதங்களுள் 124 இன்றும் உள்ளன. தந்தை மகளுக்கு எழுதியவை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1631இல் கலிலியோ அம்மடத்துக்கு அருகிலேயே ஒரு வீட்டுக்குக் குடிவந்தார்.

தந்தை உரோமையில் வழக்கில் நின்ற மாதங்களில், மடத்துக்குள் இருந்தபடியே அவருடைய வீட்டையும் தோட்டத்தையும் கணக்குகளையும் மகள் கண்காணித்தார். தண்டனையாக விதிக்கப்பட்ட ஏழு சங்கீதங்களைத் தந்தைக்குப் பதிலாகத் தாமே செபிக்க முன்வந்தார். அவர் திருச்சபையின் கீழ்ப்படிதலுள்ள மகள். தண்டிக்கப்பட்டவரின் அன்பு மகளும் அவரே. இரண்டு அன்பையும் ஒரே நெஞ்சில் தாங்கினார். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை. அறிவியலை ஏற்றால் விசுவாசம் போய்விடுமா என்று எங்களுள் ஒருத்தி சகோதரியிடம் கேட்டிருந்தாள். அதற்கு விடை இந்த இளம் கன்னிகையின் வாழ்வில் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது.

1633 டிசம்பரில் கலிலியோ வீடு திரும்பினார். மகளைக் கண்ட மகிழ்ச்சி நான்கு மாதங்கள்கூட நீடிக்கவில்லை. 1634 ஏப்ரல் 2ஆம் நாள், சீதபேதியால், 33ஆம் வயதில் மரிய செலஸ்தே இறைவனடி சேர்ந்தார்.

இருளிலும் ஒளி

வேறொருவராக இருந்தால் அத்தோடு ஒடிந்து போயிருப்பார். கலிலியோவோ பதுவாவில் எழுதிய பழைய குறிப்புகளை மீண்டும் கையில் எடுத்தார். வெண்கலக் குண்டும் நீர்ப்பாத்திரமும் தந்த அளவுகளை ஒழுங்கு செய்தார். அவருடைய நூல்களை அச்சிடத் தடை இருந்தது. ஆகவே கைப்படி நாட்டுக்கு வெளியே சென்று, 1638இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் எல்செவிர் அச்சகத்தாரால் வெளியிடப்பட்டது. அதுவே இரண்டு புதிய அறிவியல்களைப் பற்றிய நூல். நாம் வகுப்பில் படிக்கும் முடுக்கத்தின் வேர் அந்நூலின் மூன்றாம் நாள் உரையாடலில் இருக்கிறது. அச்சான நூல் கைக்கு வந்தபோது ஆசிரியரின் இரு கண்களும் பார்வை இழந்திருந்தன. விரலால் தடவித்தான் அதை அறிந்திருப்பார்!

1642 ஜனவரி 8ஆம் நாள், ஆர்செத்ரி வீட்டிலேயே, கத்தோலிக்கராகவே வாழ்ந்து கலிலியோ உயிர் நீத்தார். புளோரன்சின் திருச்சிலுவைப் பேராலயத்தில் ஒரு சிறு அறையில் சிறப்பேதும் இன்றி அடக்கம் செய்யப்பட்டார். 1737இல் அவருடைய உடலை ஆலயத்தின் உள்ளே அழகிய கல்லறைக்கு மாற்றினர். அப்போது அவரோடு ஓர் இளம்பெண்ணின் எலும்புகளும் இருந்தன. அது அன்பு மகள் மரிய செலஸ்தேயின் உடலாகவே இருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

அவர் உரையாடல் நூலின் பெயர் 1835ஆம் ஆண்டுத் தடைப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1971 ஆகஸ்டு 2ஆம் நாள் அப்பல்லோ 15இல் சென்ற டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் ஒரு பறவையின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. 1981இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கலிலியோ வழக்கை மீண்டும் ஆராய ஒரு குழுவை அமைத்தார். 1992 அக்டோபர் 31ஆம் நாள், அன்றைய இறையியலார் தவறிழைத்தனர் என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

தோழியரே! நாங்கள் அந்தச் சோதனையை மீண்டும் செய்தோம். இரண்டு மீட்டர் நீளப் பலகையில் தச்சரிடம் பள்ளம் இழைத்து வாங்கினோம். ஒரு முனையைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தினோம். கடிகாரத்தை வைத்துவிட்டு, டப்பாவின் அடியில் துளையிட்டு நீரைப் பிடித்தோம். நூறு முறை அல்ல, இருபது முறை. முழுப் பலகைக்குச் சராசரி 66 கிராம் நீர். கால் பங்குக்கு 34 கிராம். சரிபாதியானால் 33 வர வேண்டும். அந்த ஒரு கிராம் வேறுபாட்டை நாங்கள் திருத்தவில்லை. 34 என்றே எழுதிக் கொடுத்தோம். சகோதரி அதன் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு சரிக்குறி இட்டார். எங்கள் நோட்டில் நாங்கள் மிகவும் பெருமைப்படும் குறி அதுதான்.

தாம் செய்த பிழையைக் கலிலியோ ஒப்புக்கொண்டார். தன் மக்கள் செய்த பிழையைத் திருச்சபையும் ஒப்புக்கொண்டது. அவற்றின் முன் எங்கள் பிழை மிகச் சிறியது. அதை ஒப்புக்கொள்ள எங்களுக்கு என்ன தயக்கம்? உண்மை யாவும் ஒரே இறைவனிடமிருந்தே வருகிறது. விழும் மாம்பிஞ்சிலும் அவர் ஓர் ஒழுங்கை வைத்திருக்கிறார். அதைக் கண்டறியத் துணிவும் பொறுமையும், கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மையும் நமக்கு அருளும்படி அவரை வேண்டுவோமாக!